வெறும் தட்டா, வரிப்பள்ளமா? செல் வளர்த்துப் பார்த்த கணக்கு

பத்தமடைக் கோரைப் பாயை விரலால் தடவிப் பார்த்தவருக்கு இது பாதி புரிந்துவிடும். கோரையின் போக்கில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே போனால் தட்டும். செல்லும் தரையைத் தடவித்தான் நகர்கிறது. பாளையங்கோட்டையில் முதுகலை ஆய்வுக்காகத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுவை உண்டாக்கும்) செல்களை வளர்த்தபோது சமதளத் தட்டு, வரிவரியாய் நுண்பள்ளம் ஓடும் வரிப்பள்ளத் தளம் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். என் ஓட்டு வரிப்பள்ளத்துக்கே.

சமதளத் தட்டு என்பது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டு, அதில் சொல்ல அதிகமில்லை. உறையைப் பிரித்தால் வேலை தொடங்கலாம். நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். செல்கள் மட்டும் திசைக்கு ஒன்றாய்க் கிடக்கும்.

பள்ளத்தில் அவை வரப்போடு நடப்பவர்போல நீண்டு ஒரே பக்கம் அணிவகுக்கின்றன. சிலந்தி நூலின்மேல் செல்கள் நூலோடு போவதை உயிரியலாளர் ராஸ் ஹாரிசன் 1914இலேயே காட்டிவிட்டார். பரந்து கிடக்கும் செல் அதிகம் பெருகும், உருண்டு நிற்பது குறைவாகப் பெருகும் என்பது 1978இல் ஃபோக்மன், மொஸ்கோனா என்ற ஆய்வாளர்கள் கண்டது. எங்கள் பள்ளத்தில் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, வரிசைதான் மாறியது. நரம்புச் செல்லை நாங்கள் தொடவே இல்லை, அதற்கு என் பேச்சை நம்ப வேண்டாம்.

பள்ளத் தளம் என்பது பள்ளம் உள்ள அச்சின்மேல் சிலிக்கோனை ஊற்றி எடுக்கும் வார்ப்பு. முடிவு செய்ய வைத்தது அந்த அச்சின் பராமரிப்பு. விலை உயர்ந்த அச்சு எதற்கு? எதுவும் பதியாத சிடி ஒன்று போதும், அதில் 1.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் சுருள் பள்ளம் தயாராக இருக்கிறது. (பாட்டு சிடியில் இருப்பது தொடர் பள்ளமல்ல, துண்டு துண்டான குழிகள். முதலில் அதில்தான் ஏமாந்தேன்.) மேலே உள்ள உலோகப் படலத்தை டேப்பால் உரித்து, சாயத்தை ஆல்கஹாலில் கழுவி, பத்துப் பங்குக்கு ஒரு பங்கு இறுக்கும் திரவம் என்று கலந்த சிலிக்கோனை ஊற்றி, குமிழி போனபின் சூட்டில் இறுகவைத்தால் வார்ப்பு தயார். அதே சிடியில் மறுபடி மறுபடி வார்க்கலாம். எதிரி தூசிதான். ஆனிக் காற்று வீசும்போது ஜன்னலைத் திறந்தால் போச்சு. பள்ளத்தில் உட்கார்ந்த துகள் ஒவ்வொரு வார்ப்பிலும் திரும்ப வரும். துணியால் துடைத்தால் கீறல் விழும். ஆல்கஹாலில் அலசி, மூடியே வைக்க வேண்டும். இன்னொன்று, சிலிக்கோனில் நீர் ஒட்டாது. ஜெலட்டின் பூசாவிட்டால் செல் பிடிக்காது.

இரண்டையும் ஒப்பிட நினைப்பவர் பாலிஸ்டைரீன் தட்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பொருளே வேறு, கடினமும் வேறு. கண்ணாடிமேல் வார்த்த அதே சிலிக்கோனின் சமதளம்தான் சரியான ஜோடி. இது தெரியாமல் என் முதல் மாதக் கணக்கு முழுவதையும் கிழித்துப் போட்டேன்.