டீசல் ஃபில்டரை வீட்டில் மாற்றலாம், பெட்ரோல் ஃபில்டரை மெக்கானிக்கிடம் விடுங்கள்

“பெட்ரோல் வண்டி என்றால் நீயே பார்த்துக்கொள், டீசல் என்றால் தொடாதே” என்பது என் மாமாவின் சட்டம். அவர் அம்பாசிடர் டீசலும் பிறகு மாருதி 800-உம் ஓட்டியவர். அந்தக் காலத்துக்கு அது மிகச் சரி. இன்றைக்கு ஃப்யூல் ஃபில்டர் (எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை வடிகட்டுவது) மாற்றும் விஷயத்தில் அந்தச் சட்டத்தைத் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கார்புரேட்டர் வைத்த 800-ல் பெட்ரோல் ஃபில்டர் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பி. இரண்டு கிளாம்ப், இரண்டு ரப்பர் குழாய், அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குழாயில் அழுத்தம் அரை ‘பார்’ (அழுத்தத்தின் அளவு) கூட இருக்காது. 2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் முறை) வந்தபின் அதே வேலை வேறு வேலையாகிவிட்டது. குழாயில் மூன்று, நான்கு பார் அழுத்தம்; எஞ்சினை நிறுத்திய பிறகும் அது அப்படியே தேங்கி நிற்கும். ஃபில்டரோ பல கார்களில் பின் டேங்க் அருகே, வண்டிக்கு அடியில்.

அழுத்தத்தை இறக்க வழி உண்டு. பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, எஞ்சினை ஓட்டி, அது தானாக மூச்சடங்கியதும் இன்னொரு முறை ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். இத்தனை செய்தும் குழாயில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் முழங்கை வரை வழியும். நான் ஒருமுறை போர்டிகோவில் இப்படிப் படுத்துக்கொண்டு வேலை செய்தபோது, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும் என்ற பாடம் பூஜை அறை விளக்கைப் பார்த்ததும்தான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் அணைத்தேன். அத்தோடு வீட்டில் பெட்ரோல் ஃபில்டர் மாற்றுவதை நிறுத்திக்கொண்டேன். ஜாக்கி மேல் நிற்கும் காருக்கு அடியில் தலையைக் கொடுப்பதை விட, லிஃப்ட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கூலி கொடுப்பது மேல்.

புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஃபில்டர் டேங்குக்குள், பம்ப்போடு சேர்ந்தே இருக்கிறது. கார் கையேட்டில் மாற்றும் கெடுவே போட்டிருக்காது. அதைத் தேடிப்போய்ப் பிரிக்க வேண்டாம்.

டீசலுக்கு வருவோம். பெரும்பாலான டீசல் கார்களில் ஃபில்டர் பானெட்டைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. டீசல் பெட்ரோலைப் போல ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளாது. அதற்காகப் பக்கத்தில் பீடி பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அடியில் ஒரு தட்டு வைத்து, வடிகால் திருகைத் தளர்த்தி, ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரோடு டீசலை இறக்கி, தண்ணீர் சென்சாரைக் கழற்றிப் புதியதில் மாட்டி, புது ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) டீசல் தடவி மூட வேண்டும். பழைய ஓ-ரிங் மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். இரண்டு ஓ-ரிங் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் கசிவு நிச்சயம்.

எல்லோரும் பயப்படுவது ‘ஏர் எடுப்பதற்கு’, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு. கைப்பம்ப் உள்ள வண்டியில் அது கெட்டியாகும் வரை அழுத்த வேண்டும். டேங்கில் மின்பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன் நிலையில் வைத்து, அணைத்து, மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால் போதும். இங்கேதான் பழைய மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் ஆபத்தாகிறது. அம்பாசிடரிலும் டிராக்டரிலும் இன்ஜெக்டருக்கு (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். இன்றைய டீசல் கார்களின் காமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஓடும்போது அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்தப் பக்கம் ஸ்பானரைக் கொண்டுபோகவே கூடாது.

இன்னொரு பழக்கம், சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று கேனில் இருக்கும் டீசலைப் புது ஃபில்டரில் ஊற்றி நிரப்புவது. ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில், அதாவது வடிகட்டிய டீசல் வெளியேறும் பக்கத்தில், விழுந்த டீசல் வடிகட்டாமலே இன்ஜெக்டருக்குப் போகும். அங்குள்ள இடைவெளிகள் சில மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு இன்ஜெக்டரின் விலை பல ஆயிரம். வீட்டில் செய்தால் இந்த ஒன்றையாவது நாம் செய்யாமல் இருக்கலாம். அவசரத்தில் இருக்கும் தெருமுனைப் பட்டறையில் பையன் என்ன ஊற்றினான் என்று நமக்குத் தெரியாது.

அப்படியென்றால் சர்வீஸ் சென்டர்? கூலி அதிகம், ஆனால் ஏர் எடுக்கும் கருவியும் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவியும் இருக்கும். வாரண்டி ஓடும் வண்டியை அங்கேயே விடுவதுதான் புத்தி. வாரண்டி முடிந்த பிறகு, பொறுமையான ஒரு தெரிந்த மெக்கானிக்கும் நீங்களும் ஏறக்குறையச் சமம். வீட்டில் செய்து மிச்சமாவது சில நூறு ரூபாய்தான். எனக்கு லாபமாகப் படுவது, இறக்கிய டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்க்க முடிவதுதான். அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கி நின்றால், எந்த பங்க்கில் இனி நிரப்பக் கூடாது என்பதாவது யோசிக்கக் கிடைக்கும்.

ஃபில்டர் வாங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கார் கம்பெனி பெட்டியில் வருவதும், பாஷ், மாலே போன்ற உதிரிபாகக் கம்பெனிகளின் பெயர்களில் வருவதும் எனக்கு ஒன்றுதான். இரண்டையும் போட்டிருக்கிறேன், வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவது வகை, பெட்டி அசல் மாதிரியே இருந்து விலை மட்டும் பாதியாக இருப்பது. சென்னை ஜி.பி. ரோட்டில் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கினால் அந்தத் தலைவலி குறையும். பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை நல்ல இடம். ஃபில்டருக்கு அங்கே போக வேண்டியதில்லை.

மாற்றி முடித்ததும் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அடியில் செய்தித்தாள் விரித்துச் சொட்டு விழுகிறதா பாருங்கள். சொட்டு இல்லாததால் நிம்மதியாகிவிட வேண்டாம். மின்பம்ப் இல்லாமல் டீசலை உறிஞ்சி இழுக்கும் வண்டியில் மூடி சரியாக உட்காராவிட்டால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் முதல் சுற்றில் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்த பிறகு பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள், சாக்கடையில் அல்ல.