பல வருடமாகப் பையில் இருக்கும் ஃபிளாஷ்: ஒரு ஃப்ரீலான்ஸரின் அனுபவம்

நிகழ்ச்சி, போர்ட்ரெய்ட், அவ்வப்போது நிறுவன வேலை என்று வருவதையெல்லாம் எடுக்கும் ஃப்ரீலான்ஸர் நான். கேமரா மாறியிருக்கிறது, லென்ஸ் மாறியிருக்கிறது. கேமராவின் தலைமேல் இருக்கும் ஹாட் ஷூ என்ற பொருத்தியில் மாட்டும் ஃபிளாஷ் மட்டும் எல்லா வேலைக்கும் கூடவே வருகிறது. புதிதாக வாங்கியவர்கள் அதன் கைடு நம்பரை, அதாவது வெளிச்சம் எவ்வளவு வலுவானது என்று சொல்லும் எண்ணைப் பற்றியே பேசுவார்கள். வருடக்கணக்கில் வைத்து உழைத்த பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஒருமுறை அடித்தால், மறுபடி அடிக்கத் தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது?

மேடையில் ஒருவர் விருது வாங்குகிறார். கைகுலுக்கல் ஒரு நொடி, அப்புறம் கேமரா பக்கம் திரும்பிச் சிரிப்பது இன்னொரு நொடி. கைகுலுக்கலுக்கு முழுப் பவரில் அடித்துவிட்டால், டபுள் ஏ செல் போட்ட ஃபிளாஷ் மறுபடி தயாராக இரண்டு மூன்று நொடி எடுக்கும். செல் பாதி தீர்ந்திருந்தால் இன்னும் கூடும். சிரிப்பு வந்த ஃபிரேம் இருட்டாகிவிடும். வாடிக்கையாளருக்கு வேண்டியது அந்தச் சிரிப்புதான்.

இதற்கு விலை கூடிய ஃபிளாஷ் தேவையில்லை, கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்று வைக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றினால் போதும். ஐஎஸ்ஓ 100-இல் முழுப் பவர் செய்கிற வேலையை ஐஎஸ்ஓ 800-இல் 1/8 பவர் செய்துவிடும். மூன்று ஸ்டாப் கணக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி), அவ்வளவுதான். இன்றைய கேமராக்களுக்கு 800 ஒரு பொருட்டே இல்லை. 1/8-இல் ஃபிளாஷ் கிட்டத்தட்ட உடனே தயாராகும், தலை சூடாகாது, செல்லும் பல மடங்கு நேரம் தாங்கும். அரங்கத்தின் சொந்த வெளிச்சமும் படத்தில் சேர்வதால் பின்னணி கறுப்பாக அடைத்துக்கொண்டு நிற்காது. முழுப் பவரில் விடாமல் அடித்தால் சூட்டுப் பாதுகாப்பு குறுக்கே வந்து ஃபிளாஷ் தானாகவே வேகத்தைக் குறைக்கும், சிலது நின்றே போகும். என் ஃபிளாஷ் இத்தனை வருடம் தாங்கியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

செல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். எண்ணைப் பார்த்தால் அல்கலைன்தான் பலசாலி போலத் தெரியும். ஆனால் ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கொடுக்க அதனால் முடியாது, உள்தடை அதிகம். அதனால் ரீசார்ஜ் செல்தான் சரி; அதிலும் எனலூப் போல, சும்மா வைத்தாலும் சார்ஜ் சட்டென்று இறங்காத வகையை வாங்குங்கள். நான்கு நான்காகப் பிரித்து மார்க்கரில் அ, ஆ, இ என்று எழுதி, ஒரு செட்டை இன்னொன்றோடு கலக்காமல் வையுங்கள். ஒரு செல் சோர்ந்தால் மற்ற மூன்றையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

லித்தியம் பேட்டரி ஃபிளாஷ் ஒன்றும் வைத்திருக்கிறேன். முழுப் பவரிலேயே ஒன்றரை நொடியில் தயாராகிவிடும், சுகம்தான். ஆனால் அந்தப் பேட்டரி வீங்கிவிட்டால் அதே மாடலுக்கான பேட்டரியைத் தேடி அலைய வேண்டும். டபுள் ஏ எங்கும் கிடைக்கும். அதனால் பழையதையும் விற்கவில்லை.

பவுன்ஸ் செய்ய, அதாவது வெளிச்சத்தை எதிலாவது பட்டுத் திரும்பி வரவைக்க, எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். நேர் மேலே திருப்பினால் கண்குழியில் நிழல் விழும். பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் என் முதல் தேர்வு அதுதான். மர வேலைப்பாடு, வண்ணம் பூசிய கூரை என்றால் அந்த நிறம் முகத்தில் ஏறும், எடிட்டிங்கில் எடுப்பது பெரும்பாடு. மஞ்சள் பல்பு நிறைந்த இடத்தில் ஃபிளாஷில் ஆரஞ்சு ஜெல் என்ற நிறத் தாளை ஒட்டி, கேமராவின் நிறச் சமன்பாடான வைட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தால் முகமும் பின்னணியும் ஒத்துப்போகும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வேலை இல்லாத மாதங்களில் செல்லைக் கழற்றி வைத்துவிடுவேன். எப்போதாவது எடுத்து மாட்டி நாலைந்து முறை அடிப்பேன், மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக விடும் கெபாசிட்டருக்கு அது நல்லது. ஃபிளாஷை மாட்டியபடியே கேமராவைப் பையில் திணிக்காதீர்கள், ஹாட் ஷூவில் செருகும் அடிக்கால் ஆட்டம் காணும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதென்றால் முன்கண்ணாடியில் பழுப்பு அல்லது கருகிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுப் பவரில் கண்டபடி அடித்திருக்கிறார்கள். பேட்டரி மூடியின் கீலை இரண்டு முறை திறந்து மூடுங்கள். பிறகு உங்கள் செல்லைப் போட்டு முழுப் பவரில் சில முறை அடித்து, இடைவெளியைக் கைப்பேசியில் எண்ணிப் பாருங்கள். விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் அந்த ஃபிளாஷ் வேண்டாம்.