ஆம்பூர்த் தோல் செருப்பு: பத்து மாதம் போட்டு நடந்த பிறகு

சென்ற தை மாதம் ஆம்பூரில் அளவு கொடுத்துத் தைத்து வாங்கிய தோல் செருப்பைப் பற்றிக் கார்த்திகையில் எழுதுகிறேன். வாங்கிய வாரமே செருப்புக்கு மதிப்புரை எழுதுவது, நாற்று நட்ட அன்றே விளைச்சலைச் சொல்வது போன்றது. வேலூரின் ஒரு முழுக் கோடையையும், இரண்டு மழைக்காலங்களையும், ஏறத்தாழ நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடையையும் பார்த்துவிட்ட பிறகுதான் இந்தச் செருப்பைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது.

முதலில் ஒரு வெட்கத்தைச் சொல்லிவிட வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தது. பேர்ணாம்பட்டு மட்டும் எங்களுடன் நின்றது. ஆனால் தோல் தொழிலைப் பொறுத்தவரை பாலாற்றுப் படுகை முழுவதும் இன்னும் பழைய வட ஆற்காடுதான். வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் காலணிகள் இந்த ஊர்களில் தைக்கப்படுகின்றன. விடியற்காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துகள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்திலேயே ஐம்பத்திரண்டு வயது வரை குடியிருந்த நான், அதுவரை போட்டுத் தேய்த்ததெல்லாம் முந்நூற்றைம்பது ரூபாய் ரப்பர் செருப்புகளையும், எட்டு மாதத்தில் அடிப்பாகம் பிளந்துகொள்ளும் செயற்கைத் தோல் செருப்புகளையும்தான். என்னுடன் வேலை பார்ப்பவர்களின் கால்களைப் பார்த்தால் அவர்கள் கதையும் அதுவே.

கடை ஆம்பூர் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை, பின்னால் சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தடி அகலமுள்ள அந்தக் கடையின் முன்பக்கத்தில் பெல்ட்டுகளும் பர்சுகளும் தொங்குகின்றன. பின்பக்கத்தில், வெளிச்சம் வரும் சன்னலுக்கு அடியில், வயதான ஒருவர் குத்தூசியும் மெழுகு நூலுமாக உட்கார்ந்திருக்கிறார். கடைக்கார பாய் என்னை ஒரு பழுப்புத் தாளின்மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்தார். பிறகு கட்டைவிரல் சேருமிடத்திலும் மேற்பாதத்திலும் நாடா வைத்து அளந்தார். என் வலது பாதம் இடதைவிட அகலம் என்பதை முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான். கடையில் அடுக்கிவைத்திருக்கும் ஒன்பதாம் நம்பரை இத்தனை காலம் வாங்கி, வலது சுண்டுவிரல் ஏன் எப்போதும் வெளியே எட்டிப்பார்க்கிறது என்று செருப்பைக் குறைசொல்லிக்கொண்டிருந்தவன் நான். காலையில் வந்திருந்தால் அளவெடுக்காமல் திருப்பி அனுப்பியிருப்பேன் என்றும், நாள் முழுதும் நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்து அளவுதான் சரியான அளவு என்றும் அவர் விளக்கினார். அந்த ஒரு சொல்லுக்காகவே பேருந்துக் கட்டணம் தகும் என்று நினைத்தேன். (ஆம்பூருக்குப் போய்விட்டுப் பிரியாணி சாப்பிடாமல் திரும்பினேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆகவே நானும் அப்படிச் சொல்லவில்லை.)

விலை ஆயிரத்து நானூற்றைம்பது. அடிப்பாகம் எருமைத் தோல், இரண்டு அடுக்கு. மேல் வார் மாட்டுத் தோல். கட்டைவிரலைச் சுற்றி வரும் வளையத்தின் உள்பக்கத்தில் ஆட்டுத் தோல். அனைத்தும் பட்டைத் தோல் என்றார் பாய். அதாவது குரோமிய உப்பில் பதனிடாமல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பார்த்துத் தெரிந்துகொள்ளச் சில வழிகள் உண்டு. குரோமியத்தில் பதனிட்ட தோலின் வெட்டு முனையை உற்றுப் பார்த்தால், மேலே எந்தச் சாயம் போட்டிருந்தாலும், நடுவில் பெரும்பாலும் ஒரு சாம்பல் நீலம் தெரியும். பட்டைத் தோலின் வெட்டு முனை மேலிருந்து கீழ்வரை பழுப்பாகவே இருக்கும். நகத்தால் அழுத்தினால் பட்டைத் தோலில் தடம் விழுந்து நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் அந்த இடம் கறுத்து மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். மூன்றையும் கடையிலேயே செய்து பார்த்தேன். பாய் முகம் சுளிக்கவில்லை. நகத்தடம் பதிந்த துண்டை மட்டும் வாங்கித் தனியே வைத்துக்கொண்டார்.

இந்தப் பட்டைத் தோலுக்கு எங்கள் பகுதியில் நீண்ட வரலாறு இருக்கிறது. வேலிகளிலும் தரிசுகளிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டைதான் ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் தொழிலின் மூலப்பொருள். ஆவாரம் பட்டைச் சாற்றுத் தொட்டிகளில் வாரக்கணக்கில் ஊறிய தோலைக் கடைசியில் கடுக்காய் நீரில் முக்கி எடுப்பார்கள். அந்த அரைப்பதத் தோல் ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் அங்கே முழுமை பெற்றது. பிறகு ஆவாரையின் இடத்தை வாட்டில் என்னும் மரத்தின் பட்டை பிடித்துக்கொண்டது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபின், முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் இந்த ஊர்கள் திரும்பின. வாரக்கணக்கை நாள்கணக்காகச் சுருக்கும் குரோமிய முறை பரவலானது. பட்டைத் தோல் ஓரத்துக்குப் போயிற்று.

ஆனால் இதைச் சாக்காக வைத்து இந்தச் செருப்பு இயற்கையானது, ஊருக்குக் கேடு செய்யாதது என்று யாராவது விற்றால் நம்பிவிடக் கூடாது. பாலாற்றுக் கரைக் கிணறுகள் கெட்டதற்குக் குரோமியம் மட்டும் காரணமன்று. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பும் பெரிய காரணம், அந்த உப்பை எந்த முறையில் பதனிட்டாலும் முதலில் கழுவித்தான் ஆக வேண்டும். பட்டைச் சாற்றுக் கழிவையும் சுத்திகரிக்காமல் விட்டால் தண்ணீர் கெடும். இந்தப் பிரச்சினையில் வேலூர்க் குடிமக்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. என் கணக்கு எளியது. எட்டு மாதத்தில் குப்பைக்குப் போகும் செருப்பைவிட ஐந்தாண்டு உழைக்கும் செருப்பு குறைவாகக் கெடுக்கும். அதற்குமேல் புண்ணியம் எதையும் இதன் தலையில் ஏற்ற நான் தயாராக இல்லை.

இனி காலுக்கு வருவோம். கடிக்குமா என்று கேட்டதற்குப் பாய் மழுப்பவில்லை.

“கடிக்கும் சார். மூணு வாரம் நல்லா கடிக்கும். அப்புறம் நீங்க சொல்றதக் கேக்கும்.”

மூன்று வாரம் என்றது குறைவான மதிப்பீடு. வலது கட்டைவிரல் வளையம் ஐந்து வாரம் கடித்தது. முதல் வாரத்தில் சத்துவாச்சாரியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்குள் கொப்புளம் கண்டு, மாற்றுச் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். பாய் சொல்லிக் கொடுத்தபடி, இரவில் வளையத்தின் உள்பக்கம் விளக்கெண்ணெயை ஒரு விரல் தடவி, உள்ளே பழந்துணியை இறுக்கிச் சுருட்டி வைத்தேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தும் அவசரத்துக்கு ஒரு நாள் அதைத் தடவினேன். அந்த இடம் கறுத்துத் திட்டாக நின்றுவிட்டது. ஆறாவது வாரத்தில், எந்த நாள் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாதபடி, கடிப்பது நின்றது. இன்று அடித்தோலின்மேல் என் ஐந்து விரல்களும் குதிகாலும் களிமண்ணில் அழுத்தியதுபோல் பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. தீபாவளிக்கு வந்திருந்த என் மைத்துனர் பால் வாங்கப் போகையில் இதை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, “இதுல நீங்க இன்னும் நின்னுக்கினு இருக்கீங்க மாமா” என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

சித்திரை வைகாசியில்தான் இச்செருப்பின் மதிப்பு தெரிந்தது. எங்கள் ஊரை வெயிலூர் என்று கேலி செய்வது வெறும் கேலியன்று. நடுப்பகலில் தார்ச்சாலையில் ரப்பர் செருப்போடு நின்றால் சூடு அடியிலிருந்து ஏறும். வேர்வையில் பாதம் வழுக்கிப் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். தோல் வேர்வையை உறிஞ்சிக்கொள்கிறது, இரண்டு அடுக்கு அடித்தோல் சூட்டை மேலே விடுவதில்லை. வெயில் செருப்பிலும் தன் வேலையைக் காட்டியது. வாங்கியபோது வெளிர் சந்தன நிறத்தில் இருந்த தோல் கோடை முடிவதற்குள் செம்பழுப்பாகிவிட்டது. பட்டையில் பதனிட்ட தோல் வெயில்பட்டால் சிவக்கும் என்பது பழைய செய்திதான். ஆவாரம் பட்டைத் தோலைக் கடுக்காய் நீரில் முக்கியதும் இதைத் தணிக்கத்தான். ஆனால் கண்முன் நடக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. இரண்டு வார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இன்னும் பழைய சந்தன நிறம், கைக்கடிகாரத்தைக் கழற்றிய மணிக்கட்டைப்போல. இடது செருப்பின் வாரில், வண்டியின் கியரைத் தூக்கித் தூக்கி ஒரு கறுப்புத் தழும்பு விழுந்திருக்கிறது. இருசக்கர வண்டி ஓட்டுபவர்கள் அந்த இடத்தில் ஓர் ஒட்டுத் தோல் வைத்துத் தைக்கச் சொல்வது நல்லது.

வெயிலுக்கு முன் கோட்டைப் பக்கம் நடக்கப் போவது என் வழக்கம். அங்கே நடக்கும்போது ஒன்று நினைவுக்கு வரும்: 1806 ஜூலை 10 அன்று இக்கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கான காரணங்களுள் ஒன்று, புதிதாகத் திணிக்கப்பட்ட தலைப்பாகையில் செருகியிருந்த தோல் குஞ்சம். தோல் காலில் இருக்கும்வரை யாருக்கும் மறுப்பில்லை. தலைக்கு ஏறியதுதான் பிரச்சினை. அந்தத் தோலை வேலைசெய்பவரை நம் ஊர் எங்கே வைத்தது என்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம். ஆயிரத்து நானூற்றைம்பதில் சன்னலடியில் உட்கார்ந்து தைத்தவருக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டேன்; பாய் பேச்சை பெல்ட்டுக்கு மாற்றிவிட்டார்.

குறைகளுக்கு வருகிறேன். பத்து நாளில் தருவதாகச் சொன்ன செருப்பு முப்பத்தோராவது நாள்தான் கைக்கு வந்தது. இடையில் ஒருமுறை வீணாகப் போய்த் திரும்பினேன். ரசீது கேட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஆணி. குதிகால் அடுக்குகளை இணைக்க இரும்பு ஆணி அடித்திருந்தார்கள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் நனைந்ததும் ஆணி துருவேறி, துருவும் பட்டைச் சாறும் சேர்ந்து மைபோல ஒரு கறுப்பு வட்டம் தோலில் படர்ந்தது. பட்டைத் தோலில் இரும்பு பட்டால் கறுக்கும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத செய்தியன்று. பித்தளை ஆணிக்கு மிச்சப்படுத்திய சில ரூபாய் நல்ல வேலையைக் கெடுத்துவிட்டது. அதே வாரத்தில் இடது குதிகாலின் கீழ் அடுக்கு வாய் பிளந்தது. மேலும், தோல் அடிப்பாகம் ஈர மொசைக்கில் சறுக்குகிறது. வங்கி ஒன்றின் வாசலில் நான் விழாமல் தப்பியது, பக்கத்தில் நின்ற அம்மாள் என் பையைப் பிடித்துக்கொண்டதால்தான்.

ஆம்பூர் வரை மீண்டும் போக அலுத்து, எங்கள் பகுதியில் சாலையோரம் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் செருப்பைத் திருப்பி, முகர்ந்து, கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

“இன்னா சார், மழையில போட்டுக்கினு போனீங்களா? இது வெயிலுக்குப் பொறந்த செருப்பு.”

ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, அடுக்குகளைச் சுற்றிலும் மெழுகு நூலால் தைத்து, அடியில் மெல்லிய ரப்பர் தகடு ஒட்டிக் கொடுத்தார். நூற்றிருபது ரூபாய். அதன்பின் சறுக்கவில்லை. செயற்கைத் தோல் செருப்பாக இருந்தால் தைக்க எடுத்துப்போயிருக்கவே மாட்டேன். அதில் ஊசி ஏற்ற இடம் இருக்காது. நனைந்த செருப்பை வெயிலில் காயவைக்காமல், நிழலில் தாள் திணித்து உலரவிட வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். அந்த ஈரத்தில் ஒரு வாரம் மூலையில் கிடந்தபோது பூஞ்சை பிடித்தது; உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் தடவியதும் போய்விட்டது.

நாள்தோறும் நடப்பவருக்கு, ஐந்தாறு வாரம் கடி பொறுப்பவருக்கு, மாதம் ஒருமுறை எண்ணெய் தடவச் சோம்பல்படாதவருக்கு இந்தச் செருப்பைத் தயங்காமல் சொல்வேன். வயல் வேலைக்கும் மழைக்காலத்துக்கும் இது ஆகாது, அதற்கு ரப்பர்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வாங்கவே வேண்டாம், அந்தக் கொப்புளம் அவர்களுக்குச் சிறிய சங்கதியன்று. கோயில் வாசலில் விட்டுப்போகும்போது மனம் செருப்பிலேயே நிற்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜலகண்டேசுவரர் சந்நிதியில் எனக்கு அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வரும் தையில் என் மனைவிக்கு அளவு கொடுக்க அதே கடைக்குத்தான் போகிறோம், மாலையில். பித்தளை ஆணி, அடியில் ரப்பர் தகடு, தரும் தேதி மூன்றையும் அந்த வெள்ளைத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் முன்பணம் கொடுப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள்.