பாவித்த என்டர்பிரைஸ் டிங்கி: கொழும்பில் வாங்கலாமா?

டிங்கி என்பது சிறிய திறந்த பாய்ப்படகு. தனியாக ஓட விரும்புபவர் ஒருவர் ஓடும் டிங்கியான லேசர் வாங்கட்டும். இருவராக ஓடவும், ஓய்வு நாளில் மட்டத்தாளும் வார்னிஷுமாகக் குந்தியிருக்கவும் தயார் என்றால், பிளைவூட்டில் செய்த பழைய என்டர்பிரைஸ் இன்றைக்கும் நல்ல படகுதான். ஒரே நிபந்தனை: மரம் காய்ந்திருக்க வேண்டும். விற்பவர் வேகத்தையும் வென்ற கோப்பைகளையும் பற்றித்தான் பேசுவார். வாங்குபவர் ஈரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

1956இல் பிரித்தானியப் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் வரைந்த படகு இது. பிரித்தானியாவின் 'நியூஸ் குரோனிக்கிள்' பத்திரிகை ஆதரவளித்து அறிமுகம் செய்தது. நீளம் 4.04 மீற்றர். பெரும்பாயும் முன்பாயும் சேர்ந்து 10.5 சதுர மீற்றர். பின்காற்றில் விரிக்கும் பலூன் போன்ற ஸ்பினேக்கர் பாயும் இல்லை, கம்பியில் தொங்கி வெளியே சாயும் டிரபீஸும் இல்லை. வெற்று உடல் 90 கிலோவைச் சுற்றி நிற்கும். அந்த வெளிர்நீலப் பாயைக் கண்டாலே தூரத்திலிருந்து இனங்காணலாம்.

இதன் வடிவம் திடீரென்று வந்ததல்ல. 1928இல் ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர் உஃபா ஃபொக்ஸ் தன் 14 அடி 'அவெஞ்சர்' படகின் அடியை, முன்னால் கூர்ந்தும் பின்னால் தட்டையாகவும் அமைத்தார். காற்று உரத்ததும் படகு நீரைப் பிளந்துகொண்டு போகாமல் மேலேறி வழுக்கத் தொடங்கியது. அந்தப் பருவத்தில் 57 தடவை போட்டியிட்டு 52 முதலிடம். ஆனால் வளைத்து இழைத்த அப்படியான உடலைத் தேர்ந்த தச்சன் மட்டுமே செய்ய முடியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நீர் தாங்கும் பசையும் நல்ல பிளைவூட்டும் வந்தபின், தட்டைப் பலகைகளை மடிப்பு மடிப்பாகச் சேர்த்து அதே வழுக்கலை ஓரளவு பெற முடிந்தது. என்டர்பிரைஸ் அந்த வழியில் வந்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடிப்பு. வீட்டுக் கொட்டிலிலேயே செய்யலாம். மொறட்டுவையில் தளபாடம் செய்யும் கை ஒன்று அகப்பட்டால் இங்கும் பழுதுபார்க்கலாம். பைபர் உடலுக்கு அந்த வசதி குறைவு.

பொல்கொட ஏரியில் இதன் குணம் தெளிவாகத் தெரியும். மரங்களைத் தாண்டி வரும் காற்று விட்டு விட்டு அடிக்கும். மென்காற்றில் இந்தப் பெரிய பாய் உதவும். திடீர் அடியில் அதே பாய் சோதிக்கும். காற்றை எதிர்த்துப் போகையில், பெரும்பாயின் அடிக்கட்டையான பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கரை இறுக்கி, பாயை இழுக்கவும் விடவும் உதவும் தாமான் கயிற்றை விரலில் வைத்திருந்தால் போதும். ஆபத்து, காற்றைப் பின்னால் வைத்து ஓடும்போதுதான். படகின் நடுவே நீருக்குள் இறங்கி நிற்கும் நடுப்பலகையை முழுக்க மேலே இழுத்துவிட்டால் படகு இருபுறமும் ஆடத் தொடங்கி, காற்று வரும் பக்கமே கவிழும். மூன்றிலொரு பங்கு கீழே இருக்கட்டும், கிக்கர் தளராமல் இருக்கட்டும், முன்பாயை எதிர்ப்பக்கம் கம்பு கொடுத்து விரிக்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில், கல்கிசைக் கரையிலிருந்து இதைக் கடலில் இறக்குவது வீண் வேலை. கரையலை நடுப்பலகைப் பெட்டியைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

இனி, வாங்குமுன் பார்க்க வேண்டியவை. வெளிப்பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம். புதுப் பெயின்ட் பூசியிருந்தால் இன்னும் கவனம். திருப்புளியின் பிடியால் உடல் முழுக்கத் தட்டுங்கள். 'டக்' என்ற கூர்மையான ஒலி நல்லது. மந்தமான ஒலி வந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன அல்லது மரம் உளுத்திருக்கிறது. பின்பலகையின் கீழ் மூலைகள், பாய்மரம் ஊன்றும் இடம், நடுப்பலகைப் பெட்டி அடிக்கட்டையோடு சேரும் கோடு, பக்கத்தட்டுக்கு அடியில் கை எட்டாத மூலை, இந்த நான்கிலும் கத்தி நுனியால் மெல்லக் குத்துங்கள். நுனி வெண்ணெயில் போல் இறங்கினால் விலையில் பாதியைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். பலர் உப்பு நீருக்கு அஞ்சுவார்கள். பிளைவூட்டை அழிப்பது உள்ளே தேங்கும் மழைநீர். முடிந்தால் தராசில் வையுங்கள். வெற்று உடல் 90 கிலோவை விடப் பத்துக் கிலோ கூடினால் அது ஈரம், அல்லது பூச்சுக்கு மேல் பூச்சு.

பழைய படகுகள் சிலவற்றில் காற்றறைக்குப் பதில் மிதவைப் பைகள் இருக்கும். பைகளை ஊதி ஓரிரவு விட்டு, காலையில் அமுக்கிப் பாருங்கள். பட்டிகளையும் அவை பிடித்திருக்கும் கண்ணிகளையும் பார்க்கவும். கவிழ்ந்த படகில் பை கழன்றால் படகு மூழ்கும் அளவுக்குத் தாழும்.

பழுது சிறிதானால், இரண்டு திரவங்களைக் கலந்து பெறும் எபொக்சிப் பசை போதும். வெட்டியெடுத்த இடத்தின் விளிம்பைத் தடிப்புக்கு எட்டு மடங்கு சரிவாகச் சீவ வேண்டும்: 6 மி.மீ. பலகையானால் 48 மி.மீ. சரிவு. மரம் காயாமல் ஒட்டினால் ஒட்டு நிற்காது. கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் கோப்பை நிறையக் கலந்தால் கலவை தானே சூடேறிப் புகைந்து கட்டியாகும். நூறு கிராமுக்கு மேல் கலக்காமல், தட்டையான தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். எபொக்சிக்கு வெயில் ஆகாது; மேலே வார்னிஷோ பெயின்ட்டோ கட்டாயம். ஆணிகளுக்குப் பழைய சோனகத் தெருவில் 316 தர துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். பித்தளை மலிவு, ஆனால் உப்பில் துத்தநாகம் கரைந்து ஆணி சிவந்து நொறுங்கும். பலகையில் 'மரைன்' என்ற முத்திரை மட்டும் சாட்சியல்ல. துண்டொன்றைச் சில மணி நேரம் கொதிநீரில் போடுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை அலுமாரிக்கு.

பாய்கள் தனிக்கதை. எகிப்தியப் பருத்தி காலத்தில் புதிய பாயை இளங்காற்றில், ஓரங்களை இழுக்காமல், சில மணி நேரம் பழக்க வேண்டும். நனைந்தால் சுருங்கும் என்பதால் பூமின் நுனியில் இழுத்துக் கட்டியதைத் தளர்த்தவும் வேண்டும். டெக்ரோன் என்ற செயற்கை இழைத் துணி இந்தச் சடங்கை ஒழித்தது. ஆனால் நம் வெயிலில் துணிக்கு முன் தையல் நூல் போகும். நகத்தால் நூலைச் சுரண்டுங்கள். தூளாகினால் மறுதையல் செலவைக் கணக்கில் சேருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளில் பழந்துணியை ஓடவிடுங்கள். துணி சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பியை மாற்றாமல் ஏறக் கூடாது.

லேசருடன் ஒப்பிடாமல் முடிக்க முடியாது. புரூஸ் கர்பியின் அந்தப் படகு 1971இல் சந்தைக்கு வந்தது, 1996இலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது, இப்போது இல்கா என்ற பெயரில் ஓடுகிறது. பக்கக் கம்பி இல்லை, கட்டிமுடிக்க கால் மணி நேரம். அதிலும் ஒரு சோதனை உண்டு: பாய்மரக் குழியில் தண்ணீர் நிரப்பி மட்டம் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் குழியின் அடி மணலில் தேய்ந்திருக்கிறது. போட்டிக்கு லேசர்தான் சரி. ஆனால் இருவர் பேசி, முன்பாயையும் பெரும்பாயையும் ஒன்றுக்கொன்று பொருத்தி ஓடப் பழக அது இடம் தராது.

வாங்கியபின் படகை பொலித்தீனால் இறுக்கி மூட வேண்டாம். உள்ளே ஆவி தேங்கும். கன்வஸ் கூரைபோல் நிற்கட்டும், படகின் முன்பகுதியான அணியம் சற்று உயரட்டும், பின்பலகைத் துளைகளின் அடைப்புகளைக் கழற்றி விடுங்கள்.