பத்துக்கு ஒன்றா, ஃபார்முலாவா? பம்ப் அழுத்தத்துக்கு எந்தக் கணக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு செம்பனை நாற்றங்கால் என்று வைத்துக்கொள்வோம். ஓடைக்கரையில் பம்ப். அதிலிருந்து 18 மீட்டர் உயரத்து மேட்டில் திறந்த தொட்டி. இடையில் 300 மீட்டர் பாலிபைப், உள்விட்டம் 50 மில்லிமீட்டர். நொடிக்கு 2 லிட்டர் ஏற வேண்டும். பம்ப் வாயில் எவ்வளவு அழுத்தம் வேண்டும்?

பட்டணத்தில் பலரும் சொல்வது வாய்க்கணக்கு: படுக்கையாகப் போகும் பத்து மீட்டர் பைப், ஒரு மீட்டர் உயரத்துக்குச் சமம். 300க்கு 30, உயரம் 18, ஆக 48 மீட்டர். 10.2 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஒரு பார் என்பதால் 4.7 பார். நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம், அதனால்தான் இது இன்னும் புழங்குகிறது. ஆனால் பைப்பின் விட்டத்தை இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. எனக்கு இதில்தான் கோபம்.

பைப்பில் உரசித் தண்ணீர் இழக்கும் அழுத்தத்தைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரம் விட்டம், நீரோட்டம், பைப்பின் வழவழப்பு மூன்றையும் கேட்கும். வழவழப்பு எண்ணாகப் பிளாஸ்டிக்குக்கு 150 என்று போட்டால் உரசல் இழப்பு 6.5 மீட்டர்தான். வளைவு, வால்வுகளுக்கு அரை மீட்டர். மொத்தம் 25 மீட்டர், அதாவது 2.45 பார், சுமார் 36 பிஎஸ்ஐ. வாய்க்கணக்கில் ஏறக்குறைய பாதி! 48 மீட்டருக்கென்று வாங்கிய பம்ப் இங்கே தேவைக்கு மேல் தண்ணீரைத் தள்ளும், மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும். வால்வைப் பாதி மூடி ஓட்டினால் கரண்ட் காசு வீண்.

சரி, கூடுதலாகச் சொல்வது பாதுகாப்புதானே என்று தோன்றலாம். அதே இடத்தில் லயத்துக் காலத்துத் துருப்பிடித்த 40 மில்லிமீட்டர் இரும்பு பைப் இருந்தால், வழவழப்பு எண் 100 என்று போட்டுப் பாருங்கள்: உரசல் மட்டும் 41 மீட்டர், உயரத்தோடு 59. வாய்க்கணக்கு அப்போதும் 48 என்றே சொல்லும். மேட்டில் நாற்று வாடும்.

அதே உரசல் இழப்பைக் கணக்கிடும் டார்சி-வெய்ஸ்பாக் சூத்திரத்தில் வேலை அதிகம். ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணைப் பார்த்து, உரசல் குணகம் எடுக்க வேண்டும். நம் பாலிபைப்புக்கு அதில் 6.3 மீட்டர் வருகிறது. தண்ணீருக்கு இந்த 0.2க்காக மெனக்கெட வேண்டாம். எண்ணெய் ஆலையில் கதை வேறு. ஹேசன்-வில்லியம்ஸ் தண்ணீருக்காகவே வந்தது, பிசுபிசுப்பை அது அறியாது. கச்சாப் பாமாயிலுக்கு டார்சிதான். 50 டிகிரியில் அதன் அடர்த்தியும் தண்ணீரைப் போல 0.89 மடங்கு அளவுதான், எனவே பத்து மீட்டர் எண்ணெய் 0.87 பார்.

அப்புறம், ஓடைத் தண்ணீர் பம்புக்கு 3 மீட்டர் கீழே கிடந்தால், வெளியேறும் பக்கத்து அழுத்தமானி அதே 2.45 பார்தான் காட்டும். ஆனால் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுப்பதும் பம்பின் வேலைதானே. கடையில் 25 மீட்டர் என்று கேட்காதீர்கள். நொடிக்கு 2 லிட்டரில் 28 மீட்டர், அதோடு உறிஞ்சு பைப்பின் உரசலும்.