20 மில்லிகிராம் சிங்க் குளுசை: வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனிப் பொடி) வாங்க எல்லாருக்கும் தெரியும். அதோடு சேர வேண்டிய சிங்க் (நாகம்) குளுசையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இலிருந்து இரண்டையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கின்றன.

தண்ணீரில் கரையும் 20 மில்லிகிராம் குளுசையே நல்ல தெரிவு. பாணி மருந்தைக் கரண்டிக் கணக்கில் ஊற்றும்போது அளவு பிசகும். குளுசையில் அந்தத் தொல்லை இல்லை. அட்டையின் பின்பக்கத்தைக் கட்டாயம் வாசியுங்கள். சிங்க் சல்பேற் மோனோஹைட்ரேற் 55 மில்லிகிராம் என்றிருந்தால் சரி, அதில் சிங்க் மட்டும் ஏறக்குறைய 20 மில்லிகிராம். சிங்க் சல்பேற்றின் நிறையே 20 என்றால் உள்ளே இருப்பது 7 மில்லிகிராம் அளவுதான். அதை வாங்க வேண்டாம். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதிக் குளுசை என்பதால், நடுவில் கோடு போட்டதாகப் பார்த்து எடுங்கள்.

தேக்கரண்டியில் குளுசையை வைத்து, கொதித்தாறிய தண்ணீரோ பிழிந்த தாய்ப்பாலோ 5 மில்லிலீற்றர் விடுங்கள். நல்ல குளுசை ஒரு நிமிடத்துக்குள் பொருபொருவென்று உதிர்ந்து கரையும். கட்டியாகவே கிடந்தால் அந்த அட்டை வேண்டாம். நாக்கில் உலோகச் சுவை தங்கும். வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி வரலாம். அரை மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொன்று கொடுக்கலாம்.

மூன்றாம் நாள் ஓட்டம் நின்றதும் அட்டையை அலுமாரிக்குள் போடுவதுதான் பெரிய பிழை. 10 முதல் 14 நாள் தொடர வேண்டும். இழந்த சிங்கை உடல் மீட்கவும், அடுத்த 2–3 மாதத்துக்கு ஓட்டம் திரும்ப வராமல் காக்கவும் அந்த மிச்ச நாள்களே உதவுகின்றன.

கிளினிக்கில் தரும் நுண்போசணைப் பொடி இதற்கு ஈடாகாது. 15 சத்துகள் கொண்ட வழமையான கலவையில் ஒரு பைக்கற்றில் சிங்க் 4.1 மில்லிகிராம்தான், அது இரத்தச்சோகையைத் தடுக்கத் தருவது. அதை ஆறிய கஞ்சியிலோ மசித்த சோற்றிலோ கலந்து அரை மணித்தியாலத்துக்குள் ஊட்டுங்கள். சுடுசாப்பாட்டில் போட்டால் இரும்பின் மேற்பூச்சு உருகி, நிறமும் சுவையும் மாறிப் பிள்ளை துப்பிவிடும். மலம் கறுப்பது இரும்பினால், பயப்பட வேண்டாம்.

ஜீவனியைப் பாதிப் பைக்கற்று, ஒரு கோப்பை என்று கரைக்காதீர்கள். பைக்கற்றில் 1 லீற்றர் என்றிருந்தால் முழுவதையும் 1 லீற்றரிலேயே கரைக்க வேண்டும். செறிவு கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும். நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மலக்குழிக் கசிவு கிணற்றுக்கு எளிதாக வந்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகே பொடியைப் போடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குள் 50–100 மில்லிலீற்றர், அதற்கு மேல் 100–200. கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துத் தொடருங்கள். கரைத்து 24 மணித்தியாலம் கடந்த ஜீவனியை வெளியே கொட்டிவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, ஜீவனிக்குப் பதிலாகாது. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், குடிக்க முடியாத சோர்வு, வயிற்றுத்தோலைக் கிள்ளினால் மெதுவாகவே படிதல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குளுசையை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள், வழி நெடுக ஜீவனியை ஊட்டிக்கொண்டே.