காரியா, ஜாராவா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காரி மரத்தைத்தான் தேடிப் போகிறார்கள். அதே வட்டாரத்தில் ஜாராவும் நிற்கிறது. இரண்டுமே யூகலிப்டஸ் இனம்தான். என் ஓட்டு ஜாராவுக்கு.

பார்வைக்குக் காரிதான் முந்தும், சந்தேகமே இல்லை. 80 மீட்டரைத் தாண்டியும் வளரும். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில்தான் முதல் கிளையே. ஆண்டுதோறும் பழைய பட்டை உரிந்து, வழவழப்பான தண்டில் சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் திட்டுத்திட்டாகத் தெரியும். பெம்பர்டன் பக்கத்தில் இருக்கும் குளோஸ்டர் மரத்தில், காட்டுத்தீயைக் கண்காணிக்க 1947-இல் முளையடித்து உச்சியில் பரணே கட்டினார்கள்.

ஜாரா அப்படி இல்லை. 40 மீட்டர் வந்தாலே பெரிய மரம். பட்டை சொரசொரப்பு, நார்நார், மேலிருந்து கீழ்வரை நீளப் பள்ளங்கள். படமெடுக்க ஒன்றும் இல்லைதான்.

ஆனால் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். காரிக்கு ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் ஆழமான செம்மண்ணும் வேண்டும். ஜாராவோ டார்லிங் மலைத்தொடரின் செம்புறாங்கல் சரளையில், சத்தே இல்லாத மண்ணில் காடாக நிற்கிறது. கோடையில் அங்கே மழை அநேகமாகக் கிடையாது. கல்லின் விரிசல் வழியாக 20 மீட்டருக்கும் கீழே வேர்விட்டுத் தண்ணீர் எடுக்கிறது. கன்றின் கதை இன்னும் வியப்பு: அடியில் ஒரு மரக்கிழங்கை வளர்த்துக்கொண்டு, முழங்கால் உயரத்திலேயே பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூடக் காத்திருக்கும். தீ வந்து தழை கருகினாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். பெரிய மரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் விழுந்ததும் விறுவிறுவென்று மேலேறிவிடும்.

அறுத்த மரமாகப் பார்த்தால் இரண்டும் சிவப்புதான், குழப்பிவிடும். ஒரு சிராயைக் கொளுத்திப் பார்ப்பது அங்கத்திய வழக்கம்: காரி வெள்ளைச் சாம்பலாகும், ஜாரா கரியாகும். மண்ணில் புதைத்தால் காரியைக் கரையான் தின்றுவிடும், ஜாரா தாக்குப்பிடிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் தெருக்களுக்கே ஜாராக் கட்டைகளைப் பாவினார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் காரிக்கு அதிர்ஷ்டம். ஃபைட்டாப்தோரா என்ற மண்வழி நோய் ஜாராவின் வேரை அழுகவைத்துத் திட்டுத்திட்டாகக் காட்டையே காயவைக்கிறது. காரி அதைத் தாங்கிக்கொள்கிறது. ஈர மண் காலணியில் ஒட்டி நோய் பரவும். அதனால் ஜாராக் காட்டுக்குப் போனால் நடைபாதையை விட்டு விலகாதீர்கள், பாதை முகப்பில் தூரிகை வைத்திருந்தால் காலணியை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே போங்கள்.